ராஜா மாதிரி தூங்கினது போதும், கதவைத் தொறங்கப்பா!

ஒரு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலையே காட்டல. நடுவுல டீம்ல ஒருத்தன் கல்யாணத்துக்காக ஜோத்பூர் போய்ட்டு வந்தேன். "போட்டோ எங்க, ஒட்டகம் எங்க"ன்னு தனிமடல்ல கேட்டவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், இது பயணக்கட்டுரை இல்ல, சண்டைப் பதிவு. 'ஹெரிட்டேஜ்'ங்கற வார்த்தையை வச்சு கல்லா கட்டறவங்களோடயும், அந்த வார்த்தையைக் கேட்டவுடனே கார்டை எடுத்துத் தேய்க்கிற நம்ம பொட்டி தட்டுற இனத்தோடயும் சண்டை.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். ஒரு பழைய கட்டிடத்தை "இந்த ஊரோட பாரம்பரியம்"னு சொல்லி வித்தா, அந்த ஊர்க்காரன் உள்ள போய்ப் பாக்கறதுக்கு ஒரு கதவு இருக்கணும். அது இல்லன்னா அதுக்குப் பேரு பாரம்பரியம் இல்ல. பழைய சுவரு வச்ச காஸ்ட்லி லாட்ஜ், அவ்ளோதான்.

முதல்ல நாங்க தங்கின இடத்தைப் பத்தி. பேரு வேண்டாம். பெரிய சங்கிலி ஹோட்டல் எல்லாம் இல்ல, ஒரு சின்ன அரண்மனை. மூணு பேரு சேர்ந்து ரெண்டு ராத்திரிக்குக் கொடுத்த காசுல எங்கப்பா ஒரு சுசுகி ஆக்சஸ் வாங்கியிருப்பாரு. வாசல்லயே மத்தளம், செவ்வந்தி மாலை, நெத்தியில திலகம். முறுக்கு மீசையும் கலர் கலரா தலைப்பாகையும் வச்ச ஒரு பெரியவர் குனிஞ்சு "கம்மா கணி"ன்னு வணக்கம் சொல்றாரு. அவருக்கு எங்க தாத்தா வயசு இருக்கும். அவரு குனியறதைப் பாத்து நம்ம பசங்க ரெண்டு பேரும் நெளியறானுங்க. ஏன்னா வீட்ல இருந்தா அந்த வயசு ஆளைப் பாத்தா நாமதான் எந்திரிச்சு நிக்கணும். இங்க அவரு குனியறதுக்கும் சேர்த்துதான் ரேட்டு.

ரூம் அருமை. ஜன்னல்ல கல்லைக் குடைஞ்சு போட்ட ஜாலி, அரை மீட்டருக்கு மேல தடிமனான சுவரு, வெளிய அடுப்பு மாதிரி காயும்போதும் உள்ள ஏசி தேவையே படல. அதைச் செஞ்ச கொத்தனார் யாருன்னு கேட்டேன். மேனேஜருக்குத் தெரியல. ஆனா எந்த மகாராஜா எந்த வருஷம் எத்தனை புலி சுட்டாருன்னு ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காங்க.

இதெல்லாம் கூட பொறுத்துக்கலாம். ரெண்டாவது நாள் எங்களை ஊர் சுத்திக் காட்டின ஆட்டோக்காரர், சாயங்காலம் திரும்பக் கொண்டாந்து விடும்போது கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டாரு. ஏன்னா செக்யூரிட்டி ஆட்டோவை உள்ள விடமாட்டான். கேட்டுல இருந்து வாசல் வரைக்கும் ஹோட்டலோட பேட்டரி வண்டிதான். அந்த ஆட்டோக்காரர் அந்த ஊர்லயே பொறந்தவர், அம்பது வயசுக்கு மேல இருக்கும். என் அரைகுறை ஹிந்தியில "நீங்க உள்ள பாத்திருக்கீங்களா பாய் சாப்"னு கேட்டேன். சிரிச்சாரு. "எங்களை எதுக்கு விடுவாங்க"ன்னாரு. அப்புறம் அவரே, "போன்ல போட்டோ இருந்தா காட்டுங்களேன்"னு கேட்டாரு. ரோட்டோரத்துல நின்னு என் போன்ல ஒவ்வொரு படமா தள்ளித் தள்ளிப் பாத்தாரு. தினமும் ரெண்டு தடவை கடந்து போற கட்டிடத்தோட உட்புறத்தை, ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்து வந்த ஒரு திருவிடந்தைக்காரன் போன்ல பாக்கறாரு. இந்தக் கொடுமைக்கு ஹெரிட்டேஜ்னு பேரு வச்சா எனக்கு எரியத்தான் செய்யும்.

சரி, இப்ப சரித்திரத்துக்கு வருவோம். இந்த 'ராஜா வாழ்க்கை' விளம்பரம் மறைக்கிற விஷயம் அங்கதான் இருக்கு.

ஜோத்பூர்ல எல்லாரும் வாயப் பொளக்கிற அரண்மனை உமைத் பவன். (நாங்க தங்கினது அது இல்ல. அதுல தங்கணும்னா ஆன்சைட்டுல அஞ்சு வருஷம் குப்பை கொட்டிட்டு வரணும் :-)) மகாராஜா உமைத் சிங் 1929ல அடிக்கல் நாட்டி, 1943ல முடிஞ்சுது. 347 அறை. அது ஒரு ஆயிரம் வருஷப் பழமைன்னு நினைச்சுட்டு இருக்கறவங்க நிறைய பேரு. உண்மையில அதுக்கு நம்ம ஊர் சென்ட்ரல் ஸ்டேஷனை விட வயசு கம்மி. ஏன் கட்டினாங்க? 1920கள்ல மார்வார் பூராவும் மழை பொய்ச்சு பஞ்சம். ஜனங்களுக்கு வேலையும் கூலியும் கொடுக்கணும்னு ஆரம்பிச்ச பஞ்ச நிவாரண வேலை அது. அந்தக் காலத்து நூறு நாள் வேலைன்னு வச்சுக்கோங்க. ஆயிரக்கணக்கான பேரு பதினாலு வருஷம் கல்லு சுமந்திருக்காங்க. இந்தக் கட்டிடத்தோட உண்மையான கதை அதுதான். அவங்களோட பேரன்மாருங்க இன்னிக்கு அதே ஊர்ல ஆட்டோ ஓட்டிட்டு இருக்கலாம்.

இதுல நமக்கு ஒரு உறவும் இருக்கு. உமைத் பவனை வரைஞ்ச ஆர்க்கிடெக்ட் ஹென்றி வான் லான்செஸ்டர்ங்கற இங்கிலீஷ்காரர். இவரு அதுக்கு முன்னாடியே மெட்ராஸ் வந்து, நம்ம ஊருங்களை எப்படித் திட்டம் போட்டு வளர்க்கலாம்னு ஆராய்ஞ்சு, 1918ல 'மெட்ராஸ் நகரத் திட்டம்' பத்தி ஒரு புத்தகமே போட்டவர். இங்க சாக்கடை, தெரு, நெரிசல்னு எழுதின அதே கையிதான் அங்க குவிமாடம் வரைஞ்சிருக்கு. அந்தத் திட்டத்தை எல்லாம் நாம எந்த லட்சணத்துல பின்பத்தினோம்ங்கறது தனிப்பதிவு மேட்டர், விடுங்க.

பஞ்சத்துக்கு வருவோம். பஞ்ச நிவாரண வேலைன்னு ஒண்ணு எங்க ஊருக்குப் பின்னாடியே ஓடுது. பக்கிங்காம் கால்வாய். ஈசிஆருக்கும் ஓஎம்ஆருக்கும் நடுவுல போகுதே, அதேதான். கால்வாயோட பல பகுதிங்க அதுக்கு முன்னாடியே வெட்டியாச்சு. ஆனா மெட்ராஸ்ல கூவத்தையும் அடையாறையும் இணைக்கிற துண்டு 1877-78ல வெட்டினது. தாது வருஷப் பஞ்சம் மாகாணத்தையே சூறையாடின நேரம். கூலிக்கு வெட்டினவங்க பசியில கெடந்த ஜனங்க. பேரு மட்டும் அப்ப கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபுவோடது. ஒரு ஊர்ல பஞ்சத்துல கட்டினது அரண்மனையாச்சு, இன்னொரு ஊர்ல கால்வாயாச்சு. ரெண்டுலயும் வேலை செஞ்சவன் பேரு ஒரு பலகையிலயும் இல்ல. கால்வாயாவது பரவாயில்ல, படகு விடவும் வலை போடவும் யாரும் ரூம் நம்பர் கேட்கல.

இப்ப பின்னூட்டத்துல என்னென்ன வரும்னு எனக்கே தெரியும். அதனால நானே போட்டு நானே பதில் சொல்லிடறேன்.

ஒண்ணு: "ஹோட்டலாக்கலன்னா அதெல்லாம் எப்பவோ இடிஞ்சிருக்கும் தம்பி."

பாதி உண்மை, ஒத்துக்கறேன். 1950கள்லயே ஜெய்ப்பூர் ராம்பாக் அரண்மனை ஹோட்டலாயிடுச்சு. 1971ல அரசியல் சட்டத்தோட 26ஆவது திருத்தம் வந்து மன்னர் மானியம் ஒழிஞ்சதும், கூரை ஒழுகினா மாத்தக் காசில்லாத அரண்மனைங்க நிறைய. அறையை வாடகைக்கு விட்டுத்தான் பல கட்டிடம் பொழைச்சுது. கட்டிடத்துல ஆள் புழங்கினாதான் அது நிக்கும். பூட்டி வச்ச வீட்டைக் கரையான் தின்னும்னு நம்ம பாட்டிங்களுக்கே தெரியும்.

ஆனா "ஹோட்டல் ஒண்ணுதான் வழி"ன்னு சொன்னா அது கப்ஸா. அதே ஜோத்பூர், அதே ராஜ குடும்பம். மலை மேல மெஹ்ரான்கர் கோட்டை, 1459ல ராவ் ஜோதா ஆரம்பிச்சது. 1972ல அதுக்கு ஒரு டிரஸ்ட் போட்டு மியூசியமா நடத்தறாங்க. டிக்கெட் வாங்கினா யாரு வேணா போகலாம். நாங்க போன அன்னிக்குப் பாதிக் கூட்டம் உள்ளூர் பள்ளிக்கூடப் பசங்க. வாத்தியார் விசிலடிக்க விசிலடிக்க பீரங்கி மேல ஏறிக் குதிக்கிறானுங்க. அந்தக் கோட்டை கம்பீரமாத்தான் நிக்குது. அவ்வளவு ஏன், உமைத் பவன்லயே ஒரு பகுதியை மியூசியமா விட்டு டிக்கெட் போட்டிருக்காங்க. அத்தனை பெரிய இடமே ஒரு கதவைத் தொறந்து வைக்க முடியுதுன்னா, மத்தவங்களுக்கு என்ன கேடு?

நம்ம ஊரையே எடுத்துக்கோங்க. மதுரை திருமலை நாயக்கர் மகால்ல 1970 வரைக்கும் கோர்ட்டு நடந்துது. ராஜா உக்காந்த இடத்துல வாய்தா வாங்கினான் நம்மாளு. இன்னிக்கு டிக்கெட்டு வாங்கிட்டுத் தூணைக் கட்டிப்பிடிச்சு போட்டோ எடுக்கறான். சேப்பாக்கத்துல நவாப் கட்டின கலச மகால் 2012ல தீப்பிடிச்சு கூரையெல்லாம் போய், "அவ்ளோதான், இடிக்க வேண்டியதுதான்"னு பேச்சு வந்துது. பொதுப்பணித்துறை ஆளுங்க சுண்ணாம்புக் கலவை போட்டுப் பழையபடி எழுப்பினாங்க. பசுமைத் தீர்ப்பாயம் அதுல வந்து உக்காந்துது. இதுல எதுலயும் மத்தளம் இல்ல, திலகம் இல்ல.

முட்டுக்காடு தக்ஷிணசித்ரா இன்னொரு வழி. 1996ல தொறந்தாங்க. செட்டிநாடு, கேரளான்னு இடிக்கப் போன வீடுகளைத் துண்டு துண்டா பிரிச்சு எடுத்துட்டு வந்து திரும்பக் கோத்து நிறுத்தியிருக்காங்க. பதினெட்டு வீடு. ராஜா வீடு ஒண்ணுகூட இல்ல. நெசவாளி வீடு இருக்கு, குயவர் வீடு இருக்கு, செட்டியார் வீடு இருக்கு. டிக்கெட்டுக்குக் காசு கேக்கறாங்கதான், இல்லேங்கல. ஆனா உள்ள போனா எந்தப் பெரியவரும் நம்ம முன்னாடி குனியல. அவரு தறியில உக்காந்து வேலை செய்யறாரு, நாம நின்னு பாத்துக் கத்துக்கறோம்.

ரெண்டு: "தனியார் சொத்துய்யா. உன் வீட்டுக்குள்ள யாரு வேணா வரலாமா?"

என் வீட்டை நான் பாரம்பரியம்னு சொல்லி விக்கல. இவங்க வெறும் ரூம் விக்கல, ஊரோட கதையை விக்கறாங்க. ஊரு பேரு, ஊரு பாட்டு, ஊரு தலைப்பாகை, ஊரு சமையல் எல்லாம் பில்லுல இருக்கு. அந்தச் சொத்து தனியார் சொத்து இல்லியே? அதுவும் இல்லாம ஹெரிட்டேஜ் ஹோட்டல்ங்கற தகுதியை ஒன்றிய சுற்றுலாத் துறைதான் வகைப்படுத்தித் தருது. அதுக்கு அடிப்படை என்ன தெரியுமா? 1950க்கு முன்னாடி கட்டின அரண்மனை, கோட்டை, ஹவேலி, வேட்டை மாளிகை, வீடு. அரசாங்க முத்திரை வேணும்னா அரசாங்கம் நிபந்தனை போடலாம். மாசத்துல ரெண்டு நாள் உள்ளூர் ஆதார் அட்டை காட்டினா இலவசம்னு ஒரு வரி சேர்க்கறதுக்கு என்ன கஷ்டம்?

அந்த நிபந்தனையில 'வீடு'ன்னு ஒரு வார்த்தை இருக்கு, கவனிச்சீங்களா? 1950க்கு முன்னாடி கட்டின வீடுன்னா திருப்போரூர்ல, செங்கல்பட்டுல, சதுரங்கப்பட்டினத்துல திண்ணை வச்ச ஓட்டு வீடுங்களும் வயசுக் கணக்குல ராஜா வரிசையில நிக்கும். நாம என்ன பண்றோம்? அதை இடிச்சு, தேக்குத் தூணைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுட்டு, மூணு மாடி கட்டி, மேல டிஷ் ஆண்டெனா வைக்கிறோம். காரைக்குடி பழம்பொருள் கடைங்கள்ல கதவும் தூணும் அடுக்கி வச்சிருக்கறதைப் பாத்திருப்பீங்க. அந்தத் தூணு திரும்ப ஏதாச்சும் ரிசார்ட்டு வரவேற்பறைக்கு வந்து நிக்கும். நம்ம பாட்டன் சாஞ்ச தூணுல நாமளே காசு கொடுத்து சாஞ்சுட்டு, "வாவ், சோ டிரெடிஷனல்"னு ஸ்டேட்டஸ் போடுவோம்.

மூணு: "எல்லாரையும் உள்ள விட்டா கட்டிடம் நாசமாயிடும்."

இதைச் சொல்றவங்க ஜெய்சல்மேர் போய்ப் பாத்துட்டு வாங்க. ஜோத்பூருக்கு அப்பால, தார் பாலைவனத்துக்குள்ள, 1156ல கட்டின கோட்டை. இன்னிக்கும் ஜனங்க உள்ள குடியிருக்காங்க. தண்ணி இல்லாத ஊருக்காக, வாளியில அளந்து புழங்கின ஜனங்களுக்காகக் கட்டினது. அதுக்குள்ள வரிசையா ஹோட்டலும் விடுதியும் வந்து, ஆளுக்கொரு ஷவர், ஆளுக்கொரு ஃப்ளஷ். வடிகால் தாங்கல. தண்ணி அஸ்திவாரத்துல இறங்கி மண்ணு இளகி, கொத்தளங்க சரிய ஆரம்பிச்சுது. 1996லயே உலக நினைவுச்சின்ன நிதியத்தோட ஆபத்துப் பட்டியல்ல போட்டாங்க. 2013ல யுனெஸ்கோ பட்டியல்ல ராஜஸ்தான் மலைக்கோட்டைகள்ல ஒண்ணா சேர்த்தாங்க. 2024 ஆகஸ்ட் மழையிலயும் ஒரு பக்கம் சுவரு சரிஞ்சுது. எண்ணூறு வருஷமா உள்ளூர்க்காரன் புழங்கினப்போ நின்ன கோட்டையை, டிக்கெட் வாங்கி அரை மணி நேரம் சுத்திப் பாக்க வந்தவனா ஆட்டிட்டான்? ராத்திரி தங்கிக் குளிச்சவன்தான் ஆட்டினான். ஆக நாசம் பண்ற கூட்டம் எதுன்னு பேசணும்னா, ரூம் போடற என்னை மாதிரி ஆளுங்ககிட்ட இருந்து ஆரம்பிங்க.

நாலு: "நீ போய்த் தங்கிட்டு வந்து எங்களுக்கு அட்வைஸா?"

ஆமா. தங்கினதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. காசு கொடுத்த கஸ்டமர் கேள்வி கேக்காம வேற யாரு கேப்பா? செக் அவுட் பண்ணும்போது கருத்துப் படிவம்னு ஒண்ணு நீட்டினாங்க. "உள்ளூர் மக்களுக்கு ஒரு நாள் தொறந்து விடுங்க, கட்டினவங்களைப் பத்தி ஒரு பலகை வைங்க"ன்னு எழுதிக் கொடுத்துட்டுத்தான் வந்தேன். படிச்சவரு மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. பருப்பு பாட்டில உப்பு கம்மின்னு எழுதியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு.

சரி, இவ்வளவு நேரம் அடுத்தவன் ஊரைத் திட்டியாச்சு. நம்ம கடற்கரைக்கு வாங்க.

எங்க ஊருக்கு வடக்க கோவளம். அங்க ஆற்காடு நவாப் காலத்துக் கோட்டை ஒண்ணு இருந்துது. 1752ல ராபர்ட் கிளைவ் பிடிச்சான், கோட்டையைத் தகர்த்துட்டாங்க. அந்தப் பழைய கோட்டை இருந்த கடலோரத்துலதான் இன்னிக்கு ஃபிஷர்மேன்ஸ் கோவ் ஹோட்டல் நிக்குது. பேருல மீனவர் இருக்காரு. நான் பள்ளிக்கூடம் படிச்சப்போ கூட இருந்த பாதிப் பசங்க கோவளம் மீனவக் குடும்பத்துப் பசங்க. ஒரு நாளும் ஒரு வாத்தியாரும் "உங்க ஊர்ல ஒரு கோட்டை இருந்துதுடா"ன்னு எங்களுக்குச் சொன்னதில்ல. நான் அதைத் தெரிஞ்சுக்கிட்டது வேலைக்குச் சேர்ந்து, ராத்திரி ஷிப்ட்ல தூக்கம் வராம படிச்சப்போதான்.

தெற்க போனா கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரங்க செங்கல்ல கட்டின கோட்டை. இங்க நெஞ்ச மஸ்லின் துணி கப்பலேறிப் போயிருக்கு. 1781ல இங்கிலீஷ்காரன் பிடிச்சான். 1782 பிப்ரவரி 17ஆம் தேதி இந்தக் கடலுக்கு நேரா பிரெஞ்சுக் கப்பல் படையும் இங்கிலீஷ் கப்பல் படையும் மோதியிருக்கு. உள்ள செதுக்கின கல்லறைங்க இருக்கு, ஒவ்வொரு எழுத்தும் கப்பலும் அச்சு மாதிரி. தொல்லியல் துறை கையில இருக்கு. புல்லு வெட்டறாங்க, சுவரைப் பூசறாங்க, நல்லது. வாசல்ல நீலப் பலகை இருக்கு. சேதப்படுத்தினா ரெண்டு வருஷம் ஜெயில், ஒரு லட்சம் அபராதம். சுத்தி நூறு மீட்டர்ல புதுசா கட்டக்கூடாது, அதுக்கு அப்பால இருநூறு மீட்டருக்கு அனுமதி வாங்கணும். என்ன பண்ணக்கூடாதுன்னு இவ்வளவு விவரம். இங்க நெஞ்ச நெசவாளி யாரு, சுமந்த கூலி யாரு, அந்த ஊரு ஜனங்களுக்கு இதுல என்ன பங்குன்னு கேட்டா அந்தப் பலகையில பதில் இல்ல. ஜோடிங்க வந்து உக்காருது, ஆடு மேயுது, அஞ்சு மணிக்கு விசில் அடிச்சு வெளிய அனுப்பறாங்க.

இன்னும் தெற்க கடப்பாக்கம் பக்கத்துல ஆலம்பரைக் கோட்டை. 1750ல பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போச்சு, 1760ல இங்கிலீஷ்காரன் பிடிச்சு இடிச்சுட்டான். மிச்சம் இருந்ததை 2004 சுனாமி கொஞ்சம் பாத்துக்கிச்சு. இப்ப சினிமா பாட்டுக்கும் கல்யாண போட்டோவுக்கும் ஆகுது.

ஆக ஜோத்பூர்ல ரேட்டைப் போட்டுப் பூட்டறான், நாம ஞாபகத்தைப் பூட்டி வச்சிருக்கோம். நாளைக்கே யாராவது பணக்காரன் வந்து "சதுரங்கப்பட்டினம் டச்சு பேலஸ் ரிசார்ட்"னு பக்கத்துல ஒண்ணு எழுப்பி, வாசல்ல நம்மாளு ஒருத்தருக்கு முண்டாசு கட்டி "வாங்க பிரபு"ன்னு குனிய வச்சா, நாமளும் பெருமையா செல்ஃபி எடுப்போம். எனக்கு அந்தப் பயம்தான்.

தெருக்கோடியில இதுக்கு நேர் எதிரா ஒரு உதாரணம் இருக்கு. எங்க ஊர் நித்தியகல்யாணப் பெருமாள் கோயில். (தனிமடல்ல என் கல்யாணத்தைப் பத்தி விசாரிக்கிறவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க.) நூத்தியெட்டு திவ்யதேசத்துல ஒண்ணு, திருமங்கையாழ்வார் பாடினது, சோழர் காலத்துக் கல்வெட்டு இருக்கு. கல்யாணம் ஆகாதவங்க ரெண்டு மாலை வாங்கிட்டுப் போய்ச் சாத்தி, ஒண்ணைத் திரும்ப வாங்கிக் கழுத்துல போட்டுக்கிட்டு ஒன்பது சுத்து சுத்துவாங்க. கல்யாணம் ஆனதும் அந்தக் காஞ்ச மாலையோட ஜோடியா திரும்ப வருவாங்க. முகூர்த்த நாள்ல ஈசிஆர் ட்ராஃபிக்கே எங்க ஊர் வாசல்ல நிக்கும். அந்தக் கட்டிடம் ஆயிரம் வருஷம் தாண்டி நிக்கறதுக்குக் காரணம், மாலை கட்டறவர்ல இருந்து மாலை போட்டுக்கறவர் வரைக்கும் அத்தனை பேருக்கும் அதுல ஒரு வேலை இருக்கு. மதிலு விரிசல் விட்டா முதல்ல கத்தறது பூக்கடை அக்காவாத்தான் இருக்கும்.

உடனே "கோயில்லயும் எல்லாரையும் விடலியே"ன்னு ஒரு தோழர் வருவாரு. சரியாத்தான் வருவாரு. நம்ம கோயில் கதவுங்க ஒண்ணும் தானா தொறக்கல. 1939ல மதுரையில ஆலயப் பிரவேசம் நடந்து, அதுக்கு அப்புறம் 1947ல மெட்ராஸ் மாகாணம் முழுக்க ஆலயப் பிரவேசச் சட்டம் போட்டுத்தான் தொறக்க வச்சாங்க. அப்பவும் "எங்க சொத்து, எங்க வழக்கம், கூட்டம் வந்தா தீட்டாயிடும், நாசமாயிடும்"னு இதே பல்லவிதான் பாடினாங்க. கதவு தொறந்ததால எந்தக் கோபுரமும் விழல. அதனாலதான் சொல்றேன், அரண்மனைக் கதவுக்கும் சட்டம் வேணும். முதலாளி மனசு வச்சுத் தொறப்பாருன்னு காத்திருந்தா நம்ம பேரன் கையில போன்ல போட்டோதான் இருக்கும்.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. அரசாங்கத்துக்கிட்ட ஹெரிட்டேஜ் முத்திரை வாங்கற எந்த விடுதியும் மாசத்துல ரெண்டு நாளாவது உள்ளூர்க்காரங்களுக்குக் கதவைத் தொறக்கணும். ராஜா படம் மாட்டற சுவத்துல, அதைக் கட்டினது யாரு, எந்தக் கூலிக்கு, எந்தப் பஞ்சத்துலன்னு ஒரு பலகை மாட்டணும். நம்ம பக்கம், சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள்ள வெறும் புல்லுக்குப் பதிலா ஊர்ப் பசங்களையே வழிகாட்டியா பழக்கி விடணும். கல்லறையில இருக்கற கப்பலைக் காட்டி அவன் சொல்ற கதையை நான் இருநூறு ரூபா கொடுத்துக் கேப்பேன். ஜோத்பூர்ல திலகம் வச்சுக்கறதுக்குக் கொடுத்த காசுக்கு அது எவ்வளவோ மேல்.

நம்மால உடனே ஆகக்கூடியது ஒண்ணு இருக்கு. இந்த வாரக் கடைசியில உங்க ஊர்ல 1950க்கு முன்னாடி கட்டின ஒரு வீட்டைத் தேடிப் போங்க. பெரிய மாளிகை வேண்டாம், திண்ணை வீடு போதும். அந்த வீட்டுப் பெரியவங்ககிட்ட உக்காந்து, யாரு கட்டினது, எந்த ஊர் ஆசாரி, சுண்ணாம்பு எங்க அரைச்சாங்க, ஓடு எங்க இருந்து வந்துதுன்னு கேட்டு எழுதுங்க. அடுத்த வருஷம் அந்த வீடு இருக்காது, அந்தப் பெரியவங்களும் இருப்பாங்களோ என்னவோ. சுட்டியைப் பின்னூட்டத்துல போடுங்க, நான் வந்து படிக்கிறேன். திருப்போரூர்ல ஒரு வீட்டுக்காரம்மாகிட்ட ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கேன். போய்ட்டு வந்து எழுதறேன்.

டிஸ்கி 1: ஜோத்பூர் ஜனங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. மிர்ச்சி வடா, மாவா கச்சோரி ரெண்டும் டாப்பு.

டிஸ்கி 2: "உனக்கு மாலை எப்போ"ன்னு வர்ற பின்னூட்டம் எல்லாம் மட்டுறுத்தப்படும். கும்மி அடிக்கிறவங்க அரண்மனையைப் பத்தி மட்டும் அடிக்கவும்.